வினவ இயலாத வாசகருக்கு எழுதுதல்: மைசூரு ஓலைச்சுவடி முதல் செயற்கை நுண்ணறிவு முகவர் வரை

1905ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர், மைசூரு அரசுக் கீழ்த்திசை நூலகத்தில் ஓர் ஓலைச்சுவடியை ஒப்படைத்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடியோடு, பட்டசுவாமி என்பார் இயற்றிய உரையின் சிறு பகுதியும் இருந்தது. அதுவரை பிற நூல்களின் மேற்கோள்கள் வழியாகவே அறியப்பட்டிருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அது என்பதை நூலகர் ஆர். சாமசாஸ்திரி கண்டுணர்ந்தார். 1909-இல் மூலத்தைப் பதிப்பித்தார். 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக வெளியிட்டார். இந்திய அரசியல் சிந்தனையின் வரலாறு அதன்பின் வேறு வகையில் எழுதப்பட்டது.

இக்கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒற்றாடல், வரிவிதிப்பு, மண்டலக் கோட்பாடு ஆகியவற்றையே எடுத்துக்கொள்வர். நூலின் பதினைந்தாம் அதிகரணம் அரிதாகவே பேசப்படுகிறது. 150 அத்தியாயங்கள் கொண்ட நூலில் அவ்வதிகரணத்துக்கு உரியது ஒரே அத்தியாயம். அரசு, போர், பொருள் ஆகிய எதையும் அது புதிதாகக் கூறுவதில்லை. 'தந்திரயுக்தி' என்னும் பெயரில், இந்நூல் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, எவ்வாறு படிக்கப்பட வேண்டும் என்பதை மட்டும் கூறி முடிகிறது. ஒரு நூல் தன்னைப் பயன்படுத்தும் முறையைத் தானே எழுதிவைத்த பகுதி அது.

நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின், முற்றிலும் வேறான ஒரு துறையில் அதே தேவை எழுந்துள்ளது. செயற்கை நுண்ணறிவு முகவர்கள் எனப்படும் நிரல்கள், தாமே முடிவெடுத்துப் பிற மென்பொருள்களைக் கருவிகளாக இயக்குகின்றன. எந்தக் கருவியை எப்போது, எந்த உள்ளீட்டோடு அழைப்பது என்பதை அவை கருவியின் விளக்கக்குறிப்பைப் படித்தே தீர்மானிக்கின்றன. அக்குறிப்பை எழுதியவரிடம் மீண்டும் சென்று வினவும் வாய்ப்பு அவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. வினவ இயலாத வாசகருக்கு எழுதுவது எங்ஙனம் என்ற வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான சுவடி மைசூருவில் இருக்கிறது.

முப்பத்திரண்டு யுக்திகள்

தந்திரயுக்தி அத்தியாயம் முப்பத்திரண்டு உத்திகளை வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் தந்து, அந்நூலின் உள்ளிருந்தே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. 'விதானம்' என்பது பொருளடக்க முறைவைப்பு. 'அதிதேசம்' என்பது ஓரிடத்தில் கூறிய விதியை மற்றோரிடத்துக்கும் நீட்டித்தல். கொடுப்பதாக ஒப்புக்கொண்ட கொடையைக் கொடாதிருத்தலுக்குக் கடனைத் திருப்பித் தராமையின் விதியே பொருந்தும் என்பது அதற்குக் காட்டு. 'அநாகதாவேட்சணம்' பின்னர் வரவிருக்கும் பகுதியைச் சுட்டுதல். 'அதிக்கிராந்தாவேட்சணம்' முன்னர்க் கூறியதைச் சுட்டுதல். 'நியோகம்' இவ்வாறே, பிறவாறன்று என வரையறுத்தல். 'விகற்பம்' இதுவோ அதுவோ எனத் தருதல். 'சமுச்சயம்' இதுவும் அதுவும் எனச் சேர்த்தல்.

இவற்றுள் மூன்று தனியே நோக்கத் தக்கவை. முதலாவது 'அபவர்க்கம்', அதாவது விதிவிலக்கு. பகைவரின் படையை எப்போதும் தன் அருகிலேயே நிறுத்துக என்பது விதி; உட்கலகம் பற்றிய ஐயம் எழும்போது தவிர என்பது விலக்கு. விதியை மட்டும் எழுதி விலக்கை எழுதாது விட்டிருந்தால், அந்நூலை நம்பிச் செயற்பட்ட அரசன் கலகக் காலத்தில் பகைப்படையைத் தன் வாயிலிலேயே வைத்திருப்பான்.

இரண்டாவது 'சுவசஞ்ஞை'. பிறர் வழங்காத, அந்நூலுக்கே உரிய குறியீட்டுச் சொல் இது. வெற்றியை நாடும் அரசன் முதற் பிரகிருதி, அவன் நாட்டை அடுத்துள்ளவன் இரண்டாவது, ஒரு நாடு இடைவிட்டுள்ளவன் மூன்றாவது என்பது காட்டு. 'இரண்டாவது' என்னும் எளிய சொல்லே அந்நூலில் தனிப்பொருள் பெறுகிறது. வழக்குப் பொருளைக் கொண்டு படிப்பவர் நூல் முழுவதையும் பிறழ உணர்வார்.

மூன்றாவது, வரிசையின் இறுதியில் நிற்கும் 'ஊகியம்'. வெளிப்படையாகக் கூறாது வாசகர் உய்த்துணரும்படி விடுவது இது. முப்பத்தொரு வழிகளில் தெளிவுபடுத்திய பின்னரும் எஞ்சும் பகுதி உண்டு என்பதை நூல் ஒப்புக்கொள்கிறது. அதற்கும் பெயரிட்டு எல்லை வகுக்கிறது.

இம்முறை அர்த்தசாஸ்திரத்துக்கு மட்டும் உரியதன்று. சுசுருதசங்கிதை முப்பத்திரண்டு தந்திரயுக்திகளையும் சரகசங்கிதை முப்பத்தாறையும் எண்ணுகின்றன. ஆட்சியும் மருத்துவமும் ஒரே ஏட்டு உத்தியைப் பகிர்ந்துகொண்டதற்குக் காரணம் ஊகிக்கக் கூடியதே. இரண்டிலும் வாசகர் படித்ததோடு நில்லார், படித்ததைச் செய்வார். அறுவை மருத்துவர் விதியைப் பிழைபட உணர்ந்தால் விளைவு ஏட்டில் நிகழாது, உடலில் நிகழும்.

ஆணையோலையும் தொலைவில் இருக்கும் அலுவலரும்

செயலாற்றும் வாசகர் என்னும் இக்கருத்து, அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்துப் பத்தாம் அத்தியாயத்தில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அது அரசாணை எழுதும் முறையைப் பற்றியது. ஆணையோலை தலைநகரில் எழுதப்படுகிறது. தொலைவில் உள்ள அலுவலர் கையில் சேர்கிறது. அவர் அதன்படி அரசனின் பெயரால் செயற்படுகிறார். எழுதியவர் அங்கில்லை. ஐயம் எழுந்தால் மறுமொழி வரத் திங்கள்கள் ஆகலாம்.

எனவே அந்த அத்தியாயம் எழுத்தின் நிறைவுகள் ஆறு என்கிறது: பொருள்முறை, தொடர்பு, முழுமை, இனிமை, மேன்மை, தெளிவு. குற்றங்கள் ஐந்து என்கிறது: பொலிவின்மை, முரண், கூறியது கூறல், வழுச்சொல், குழப்பம். பொருள்முறை முதலிடம் பெறுகிறது என்பது கவனிக்கத் தக்கது. தலைமையான செய்தி முதலில் வர வேண்டும். பின்னர் வருவது முன்னர் வந்ததோடு முரணாது தொடர வேண்டும். அழகுணர்ச்சி இதில் இல்லாமல் இல்லை. ஆயினும் முதற்கவலை, ஓலையைப் பெற்றவர் தவறாகச் செயற்படாதிருக்க வேண்டும் என்பதே.

தமிழ் மரபும் இதே வினாவை எதிர்கொண்டது. தொல்காப்பிய மரபியலின் இறுதிப் பகுதி நூலின் இயல்பையும் குற்றங்களையும் உத்திகளையும் பேசுகிறது. அப்பகுதி பிற்காலச் சேர்க்கை எனக் கருதும் அறிஞரும் உளர். பதின்மூன்றாம் நூற்றாண்டில், கங்கர் குடியைச் சேர்ந்த சீயகங்கனின் வேண்டுகோளுக்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன் பாயிரத்தில் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் முப்பத்திரண்டு உத்திகளையும் வைக்கிறது. அர்த்தசாஸ்திரம் இறுதியில் வைத்ததை நன்னூல் தொடக்கத்தில் வைத்தது.

நன்னூல் எண்ணும் குற்றங்களில் முதலிரண்டும் ஓர் இணை: குறையக் கூறுவதும் குற்றம், மிகையாகக் கூறுவதும் குற்றம். தெளிவு என்பது நீளத்தால் வருவதில்லை என்பதை இவ்விணை உணர்த்துகிறது. மாணவர் ஆசிரியர் முன் அமர்ந்து பாடம் கேட்ட சூழலில் சூத்திரம் சுருங்கியிருக்கலாம். குறையை ஆசிரியரின் உரை நிரப்பும். ஏடு ஆசிரியரை விட்டுப் பிரிந்து வேறோர் ஊருக்குச் செல்லும்போது உத்திகளின் பட்டியல் ஆசிரியரின் இடத்தில் நிற்கிறது. மைசூருவில் சாமசாஸ்திரியின் கையில் இருந்தது அத்தகைய ஏடுதான். உடன்வந்த உரை நூலின் சிறு பகுதிக்கே உரியது. எஞ்சிய பகுதியை நூலே தனக்கு வழிகாட்டியாக நின்று படிக்கவைத்தது. அப்போதும் சொற்பொருள் பற்றிய சிக்கல்கள் தீரவில்லை. 1924 முதல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி தம் உரையோடு வெளியிட்ட பதிப்பும், 1960 முதல் பம்பாயில் ஆர்.பி. காங்லே வெளியிட்ட பதிப்பும் அப்பணியைத் தொடர்ந்தன.

மனித வாசகரிடமிருந்து முகவரிடம்

ஒரு மென்பொருள் மற்றொரு மென்பொருளிடம் வேலை வாங்குவதற்கான வரையறுத்த வாயிலை ஏபிஐ என்பர். அதற்கான விளக்கங்கள் நெடுங்காலம் மனிதருக்காகவே எழுதப்பட்டன. 2011-இல் வெளிவந்த ஸ்வாகர் என்னும் முறை, அவ்விளக்கத்தைப் பொறியும் படிக்கக் கூடிய வடிவில் எழுத வழிசெய்தது. 2015-இல் அது ஓப்பன் ஏபிஐ என்னும் பொதுத் தரமாக லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்தது. ஆயினும் புலங்களின் பெயரையும் வகையையும் மட்டுமே பொறி படித்தது. விளக்கவுரையை மனிதரே படித்தனர். அவ்வுரை குறைபட்டிருந்தால் நிரலர் சக பணியாளரைக் கேட்டார், சோதித்துப் பார்த்தார், பழைய நிரலைத் தேடினார். குருகுலத்து மாணவரைப் போன்றே அவருக்கும் ஆசிரியர்கள் அருகில் இருந்தனர்.

2023-இல் நிலை மாறியது. பெருமொழி மாதிரிகள் கருவிகளை அழைக்கும் வசதி அவ்வாண்டு சூன் மாதம் ஓப்பன் ஏஐ நிறுவனத்தின் ஏபிஐயில் இடம்பெற்றது. 2024 நவம்பரில் ஆந்த்ரோப்பிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டது. இவ்வமைப்புகளில் ஒரு கருவி மாதிரியின் முன் மூன்றாகத் தோன்றுகிறது: ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் வரையறை. கருவியின் உள்நிரலை மாதிரி பார்ப்பதில்லை. இச்சில வரிகளே அதற்கு முழு நூல்.

இங்கே பழைய உத்திகள் ஒவ்வொன்றும் நடைமுறை வினாவாக மீண்டும் எழுகின்றன. கருவி எதைச் செய்யும் என்பதோடு, எப்போது அதனை அழைக்கக் கூடாது என்பதும் எழுதப்பட்டுள்ளதா? ஒரே வேலையைச் செய்வன போலத் தோன்றும் இரு கருவிகளுள் எதை எங்கே தேர்வது? ஓர் உள்ளீடு கட்டாயமா, விருப்பமா? இவை முறையே அபவர்க்கம், விகற்பம், நியோகம் எனப்பட்டவற்றின் இடங்கள். இந்திய அரசு 2022 சூலையில் தொடங்கிய பாஷிணி மொழிபெயர்ப்புத் தளத்தின் ஏபிஐயில் இரு அழைப்புகள் உள்ளன: எந்த மொழிக்கு எந்தச் சேவை உண்டு என வினவும் அழைப்பு முதலாவது, அதில் பெற்ற விவரத்தைக் கொண்டு பேச்சையோ எழுத்தையோ மாற்றித் தரும் அழைப்பு இரண்டாவது. இவற்றை இரு தனிக் கருவிகளாக ஒரு முகவரிடம் ஒப்படைப்பவர், இரண்டாவதன் விளக்கத்தில் முதலாவதைச் சுட்ட மறந்தால், முகவர் நேரே இரண்டாவதற்குச் சென்று தோற்கும். முன்னர்க் கூறியதைச் சுட்டுதலுக்கு ஏன் தனிப்பெயர் தேவைப்பட்டது என்பது அப்போது விளங்கும்.

சுவசஞ்ஞை தமிழுக்கு இன்னும் நெருக்கமான சிக்கல். ஒரு கருவியின் விளக்கம், உள்ளீடு பத்து எழுத்துகளுக்கு மிகக் கூடாது என்கிறது எனக் கொள்வோம். 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? இலக்கணப்படி மூன்று: த, மி, ழ். ஒருங்குறிப் புள்ளிகளாக எண்ணினால் ஐந்து. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி எண்கள் பெறுகின்றன. யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக எண்ணினால் பதினைந்து. ஆங்கிலத்தில் 'cat'-க்கு ஒப்பான எளிய சொல்லுக்கு இம்மூன்று எண்ணிக்கையும் ஒன்றே ஆதலால், ஆங்கிலச் சூழலில் எழுதப்பட்ட விளக்கம் எதனை எண்ணுகிறது என்று கூறுவதில்லை. அங்கே குறையாகத் தெரியாதது தமிழில் பெருங்குறை ஆகிறது. வேர்ச்சொல் பிரிக்கும் கருவி சந்தி பிரித்த உரையை எதிர்பார்க்கிறதா, சேர்த்தெழுதிய உரையையும் ஏற்குமா என்பதும் அத்தகையதே. இதனை எழுதாது விட்டால் கருவி பிழைச்செய்தி தருவதில்லை. பிழையான விடையை அமைதியாகத் தருகிறது.

பழைய வரிசையின் கடைசி உத்தி இங்கே புதிய எடை பெறுகிறது. ஊகியம், வாசகரின் உலகறிவை நம்பி விடப்படும் இடம். உட்கலகம் என்றால் என்னவென்று அரசனின் அமைச்சருக்கு எழுதத் தேவையில்லை. மொழி மாதிரியும் ஊகிக்கும். ஆனால் அது ஐயுற்று நிற்பதற்குப் பதிலாக இயல்பாகத் தோன்றும் ஏதோ ஒன்றை இட்டு நிரப்பும் போக்குடையது. நாள் எழுதும் முறை கூறப்படாவிட்டால், 03-04 என்பதை ஏப்ரல் மூன்றாகவோ மார்ச் நான்காகவோ கொண்டு தயங்காது மேற்செல்லக் கூடும். ஆதலின் கருவிக் குறிப்பில் ஊகத்துக்கு விடும் இடம் மிகச் சிறிதாக இருத்தல் நன்று. அதேவேளை, எல்லாவற்றையும் எழுதிக் குவிப்பதும் தீர்வாகாது. ஒவ்வொரு குறிப்பும் மாதிரியின் வரையறுத்த கவனப் பரப்பில் இடம் பிடிக்கிறது; நூறு கருவிகளின் நீண்ட விளக்கங்களுக்கிடையே தேவையான ஒன்று மறைந்துபோகும். குறையவும் மிகையாகவும் கூறாமை என்னும் இணைவிதி, இங்கே கணக்கிடத் தக்க செலவாகவே வெளிப்படுகிறது.

மைசூருவின் மற்றொரு பாடம்

விளக்கக்குறிப்பு இல்லாத போது நிகழ்வது என்ன என்பதற்கும் மைசூருவிலேயே அண்மைக் காலச் சான்று உண்டு. 1969-இல் இங்கு நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், மின்னணுவியல் துறை 1991-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ்த் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றின் மின்னுரைத் தொகுப்புகளை உருவாக்கும் பணியை ஏற்றது. மொழி ஒவ்வொன்றுக்கும் முப்பது இலட்சம் சொற்கள் என்பது இலக்கு. உரைகள் இஸ்கி என்னும் இந்தியத் தரக்குறியீட்டில் இடப்பட்டன.

இஸ்கியின் அமைப்பு நுட்பமானது: இந்திய எழுத்துமுறைகளில் ஒன்றுக்கொன்று ஒத்த எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எண். தமிழ்க் ககரமும் கன்னடக் ககரமும் தேவநாகரிக் ககரமும் ஒரே எண் பெறும். ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு எழுத்துமாற்றம் செய்ய இது பெருந்துணை. அதன் விலை, கோப்பில் உள்ள எழுத்தெண்கள் மட்டும் தாம் எந்த எழுத்துமுறையைச் சேர்ந்தவை எனச் சொல்லா என்பதாகும். அதற்கெனத் தனிக்குறியீடோ புறக்குறிப்போ உடனிருக்க வேண்டும். குறிப்பு தொலைந்தால் தரவு அழிவதில்லை. ஆயினும் அது எதைப் பற்றியது என்பது கோப்பைத் திறப்பவரின் ஊகத்துக்கு உரியதாகிறது.

2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தோடு இணைந்து எமில் தொகுப்பு உருவானபோது, மைசூரு நிறுவனத்தின் தொகுப்புகளும் அதில் ஒருங்குறி வடிவில் சேர்ந்தன. பதினான்கு தென்னாசிய மொழிகளின் உரைகள் கொண்ட அத்தொகுப்பு, குறியீட்டு முறையையும் கோப்பமைப்பையும் விளக்கும் கையேட்டோடு ஆய்வாளரைச் சேர்ந்தது. பின்னர் அதே மைசூரு நிறுவனத்தில், பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கிய இந்திய மொழிகளுக்கான மொழியியல் தரவுக் கூட்டமைப்பும் தரவுத்தொகுப்புகளுக்கு ஆவணம் எழுதுவதைத் தன் பணியின் பகுதியாகக் கொண்டது. உரை எங்கிருந்து எடுக்கப்பட்டது, எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது, எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது என்பன போன்ற செய்திகள் இல்லாத தொகுப்பை, அதனை உருவாக்கியவர் ஓய்வுபெற்ற பின் எவரும் நம்பிக்கையோடு பயன்படுத்த இயலாது. ஆசிரியரை விட்டுப் பிரிந்த ஏட்டின் நிலையே தொகுப்பின் நிலையும்.

ஒப்புமையின் எல்லை

தந்திரயுக்திக்கும் கருவிக் குறிப்புக்கும் நேர்வழித் தொடர்ச்சி இல்லை. ஸ்வாகரை உருவாக்கியோர் கௌடில்யரைப் படித்துத் தொடங்கவில்லை. கௌடில்யரும் பொறியை முன்கண்டவர் அல்லர். ஒப்புமை விடையில் இல்லை, வினாவில் உள்ளது. எழுதியவரும் செயலாற்றுபவரும் இடத்தாலும் காலத்தாலும் பிரியும்போதெல்லாம், எழுத்து தன்னைப் படிக்கும் முறையையும் சுமந்து செல்ல வேண்டியதாகிறது. மேலும் ஆணையோலையைப் பெற்ற அலுவலர் தவறினால் அவரிடம் பொறுப்புக் கேட்கலாம். முகவர் தவறினால் பொறுப்பு அதனை இயக்கியவரிடமும் குறிப்பை எழுதியவரிடமும் திரும்புகிறது. அதனாலேயே 2025 மார்ச்சில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் பதிப்பு, ஒரு கருவி படிக்க மட்டும் செய்வதா, அழிக்கவும் கூடியதா என்பதைக் குறிக்கும் அடையாளங்களைச் சேர்த்தது. நம்பத் தகாத மூலத்திலிருந்து வரும் அடையாளங்களை நம்பலாகாது என்றும் வரையறுத்தது. குறிப்பைப் படித்துச் செயற்படும் வாசகரைக் குறிப்பாலேயே ஏமாற்றவும் இயலும் என்பதே அதன் காரணம்.

தமிழுக்கு இதில் உள்ள நட்டமும் ஆக்கமும் தெளிவானவை. உருபனியல் பகுப்பாய்விகள், எழுத்துணரிகள், அகராதித் தரவுகள், பேச்சுத் தொகுப்புகள் எனப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பல ஆண்டு உழைப்பு குவிந்துள்ளது. இனி இவற்றை அழைக்கப்போகும் வாசகருள் பெரும்பகுதியினர் மனிதராக இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. குறிப்பு குறைபட்ட கருவியை முகவர் பழிப்பதில்லை. அதனைத் தேர்ந்தெடுப்பதில்லை, அவ்வளவே. அதன் இடத்தில், தமிழை ஓரளவே அறிந்த, ஆனால் நன்கு விளக்கப்பட்ட பொதுக்கருவி ஒன்று அழைக்கப்படும்.

இக்குறிப்புகளை எழுதும் தகுதி நிரலருக்கு மட்டும் உரியதன்று. எழுத்து என்பது எதை எண்ணுகிறது, சொல் எங்கே முடிகிறது, விதி எங்கே விலகுகிறது என்பவை மொழியியல் மாணவரின் அன்றாட வினாக்கள். ஒரு கருவியை உருவாக்கும் ஆய்வேட்டில் அதன் துல்லிய விழுக்காட்டுக்கு ஓர் இயல் ஒதுக்கப்படுகிறது. எப்போது பயன்படுத்தலாகாது, எச்சொல் எப்பொருளில் வழங்குகிறது, எது ஊகத்துக்கு விடப்பட்டுள்ளது என்பவற்றுக்கும் ஓர் இயல் ஒதுக்கத் தகும். நூற்றைம்பதாவது அத்தியாயத்தை அதற்கெனவே ஒதுக்கிய நூல் ஒன்று மைசூருவில் ஓலையாக உள்ளது.